எம்.ஜி.பி.க்கு எந்தச் சக்கரம்?

கிளட்சை விட்டதும் பின்பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். பிரேக்கை மிதித்தால் மறுபடியும் ஒரு ‘டக்’. ஒரு கோடைக்காலம் முழுவதும், என்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் ஜாயின்ட்டுகளை மாற்றியும் ஆயிற்று, சத்தம் போகவில்லை. கடைசியில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை இறுக்கிவிட்டு, டயரை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். சக்கரம் ஏறி நிற்கும் மையத் துண்டான ஹப் அசையவில்லை. சக்கரம் மட்டும் ஆடியது.

கார் 1972ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், கூரையைத் திறக்கக்கூடிய இரு இருக்கை வண்டி. (எம்.ஜி. என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். இது மோரிஸ் கராஜஸ்.) இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, கூரை மூடிய ஜி.டி. வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய கார். 1,798 சி.சி. என்ஜின். நம் பழைய அம்பாசிடரில் இருந்த 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்கு இது சொந்த அண்ணன், இரண்டும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசை. ஆகவே பானெட்டுக்குள் எனக்குப் பயம் இல்லை. சக்கரத்தில்தான் மாட்டிக்கொண்டேன், ஏனென்றால் என் வண்டியில் இருப்பவை சைக்கிளில் உள்ளதுபோன்ற கம்பிச் சக்கரங்கள்.

சக்கரம் தேய்ந்துவிட்டது என்றால் புதிது வாங்க வேண்டியதுதானே என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எம்.ஜி.பி.க்குச் சந்தையில் கிடைப்பவை ஐந்தாறு வகை. எந்த வகை என்ற முடிவு அழகைப் பார்த்து எடுப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹப்பும் அச்சும்தான் அதில் பாதியை எடுத்துவிடுகின்றன. இதை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு செட் சக்கரத்தின் காசு மிஞ்சியிருக்கும். அந்தக் கதை பிறகு.

சாதாரணக் காரில் சக்கரம் நான்கைந்து போல்ட்டுகளில் நிற்கிறது. கம்பிச் சக்கரம் அப்படி அல்ல. ஹப்பின் வெளிப்புறம் முழுவதும் பல்வரிசை வெட்டியிருக்கும். சக்கரத்தின் மையக் குழலின் உட்புறத்தில் அதற்கு இணையான பல்வரிசை. ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டால் இறுக்க வேண்டும். என்ஜினின் இழுவையும் பிரேக்கின் பிடியும் இந்தப் பற்கள் வழியாகத்தான் டயருக்குப் போய்ச் சேர்கின்றன. கிரீஸ் இல்லாமல் ஓட்டினாலோ, நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டாலோ பற்கள் ஒன்றையொன்று அரைக்கும். சக்கரத்தைக் கழற்றியதும் செங்காவி நிறத்தில் தூள் கொட்டினால் அது அரைபட்ட இரும்பு. நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் ரம்பம்போல் கூர்மையாகிவிடும். இன்னும் தேய விட்டால் ஒரு நாள் முழுவதும் வழுக்கிவிடும். அப்போது அந்தச் சக்கரத்துக்கு இழுவையும் இல்லை, பிரேக்கும் இல்லை.

இங்கே பிரிட்டனில் நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டியாக இருந்தால். வசதிதான். ஆனால் உங்கள் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று வேறு எவரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்பதும் அதன் இன்னொரு பக்கம். ஆண்டுக்கு ஒருமுறையாவது நீங்களே தூக்கி ஆட்டிப் பாருங்கள்.

நடுநட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரின் இடப்பக்கத்தில் வலமரை (வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது), வலப்பக்கத்தில் இடமரை (இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது). சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில் திருப்பினால் நட் கழலும். இது தலைகீழாக இருக்கிறதே என்று எனக்கும் முதலில் தோன்றியது. சக்கரம் ஓடும்போது அதன் கூம்பு முகத்தில் நட் மிக மெல்லப் பின்னோக்கி நகர்கிறது. அந்த நகர்வு நட்டை இறுக்குகிறது. ஹப்புகளைப் பக்கம் மாற்றிப் பொருத்தினால் அதே நகர்வு நட்டைக் கழற்றத் தொடங்கும். பழைய வண்டிகளைக் கழற்றி மாட்டியவர்கள் இந்தத் தவற்றைச் செய்திருக்க வாய்ப்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு காது வைத்த நட்டைச் செப்புச் சுத்தியலால் அடித்து இறுக்குவது வழக்கம். அந்தக் காதுகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஆபத்து என்று 1968 மாடல்களிலிருந்து அமெரிக்கா தடுத்ததால் எண்கோண நட் வந்தது. பார்க்க அவ்வளவு கவர்ச்சி இல்லை. ஆனால் ஸ்பேனரால் இறுக்கலாம், தவறிய அடி மட்கார்டில் விழாது.

இனி தேர்வுகள். முதலாவது, கம்பிச் சக்கரத்தோடேயே இருப்பது. தொழிற்சாலையில் கொடுத்தது 60 கம்பி, 14 அங்குல விட்டம், நாலரை அங்குல அகலம். இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள். வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தது, குரோம் பூசியது, 72 கம்பி வைத்த பலமான வகை எல்லாம் உண்டு. குரோம் கடையில் கண்ணைப் பறிக்கும். நான் குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் ஊரில் இருக்கிறேன். கம்பியின் நுனியில் உள்ள சிறு நிப்பிளில்தான் துரு முதலில் குடியேறுகிறது. குரோமுக்கு அடியில் புகுந்த துருவைத் தேய்த்து எடுக்க முடியாது. பெயின்ட் என்றால் தேய்த்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம். விலையும் குறைவு. கண்காட்சிக்கு மட்டும் எடுத்துப் போகிற வண்டிக்குக் குரோம் இருக்கட்டும்.

தினசரி வாழ்க்கையில் கம்பிச் சக்கரம் வேலை வைக்கும் பொருள். உதிரிச் சக்கரத்தையும் சேர்த்து முந்நூறு கம்பி. ஒவ்வொன்றின் இடுக்கையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்பேனரால் லேசாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல கம்பி ‘ணங்’ என்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும். நம் ஊர் சைக்கிள் கடையில் ரிம்மைச் சுழற்றி, கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுப்பார்களே, அதே வேலைதான், அளவு பெரிது. ஒரு வித்தியாசம்: சைக்கிளில் கோட்டம் இருந்தால் பிரேக் கட்டை உரசும், இதில் எழுபது மைல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். கார்க் கம்பிச் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நன்றாகத் தேய்ந்த பழைய சக்கரத்துக்குப் புதுக்கம்பி போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல்வரிசை தேய்ந்தது தேய்ந்ததுதானே.

டியூப் விவகாரமும் இருக்கிறது. ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு போவதால் காற்று தங்காது. ஆகவே டியூப், டியூபைக் கம்பி முனை குத்தாமலிருக்க ஒரு ரப்பர் பட்டை. இன்றைய டயர்கள் டியூப் இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் உட்புறத்தில் சிறு மேடுகள், ஒட்டுக்காகிதங்கள் எல்லாம் இருக்கும். அவை டியூபை மெல்ல உராய்ந்து ஓட்டையாக்கும். டியூபில் பஞ்சர் என்றால் காற்று சட்டென்று இறங்கும், டியூப் இல்லாத டயரைப் போல நிதானமாக அல்ல. துளைகளை அடைத்து டியூப் இல்லாமல் ஓட்டக்கூடிய கம்பிச் சக்கரங்களும் இப்போது விற்பனைக்கு உண்டு. கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே அலங்காரம் அதுதான் என்பது என் கருத்து.

இரண்டாவது, ரோஸ்டைல். 1969 இலையுதிர்காலத்தில், 1970 மாடலோடு எம்.ஜி.பி.க்கு வந்த இரும்புச் சக்கரம். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைத்தது. கறுப்பும் வெள்ளியுமாகப் பெயின்ட் அடித்ததால் அலாய்போல, அதாவது லேசான உலோகக் கலவையில் வார்த்த சக்கரம்போலத் தெரியும். இங்கே பர்மிங்காமுக்கு வடமேற்கே டார்லஸ்டனில் இருந்த ரூபெரி ஓவன் கம்பெனி செய்தது; ரோஸ்டைல் என்ற ஆங்கிலப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளும் (ஆர், ஓ) அங்கிருந்து வந்தவை. அகலம் ஐந்து அங்குலம். எடை கூடுதல். ஆனால் வளைவதில்லை, உடைவதில்லை, டியூப் வேண்டாம், யாரும் கோட்டம் எடுக்க வேண்டாம். எழுபதுகளின் தோற்றம் பிடிக்காதவர்கள் இதைக் கேலி செய்கிறார்கள். 1972ஆம் ஆண்டுக் காரில் எழுபதுகளின் சக்கரம் இருப்பதில் என்ன கேலி என்று எனக்குப் புரியவில்லை. ஒரே தொல்லை, மறுபடி பெயின்ட் அடிப்பது: கறுப்பு எங்கே முடிகிறது, வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று மணிக்கணக்கில் டேப் ஒட்ட வேண்டும்.

என் பணம் போன கதை இதுதான். பழைய உதிரிபாகச் சந்தை ஒன்றில் நான்கு ரோஸ்டைல் சக்கரங்கள் அழகாக அடுக்கியிருந்தன. ‘எம்.ஜி.’ என்று அட்டையில் எழுதியிருந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவை எம்.ஜி.யின் இன்னும் சிறிய காரான மிட்ஜெட்டின் சக்கரங்கள். விட்டம் 13 அங்குலம், போல்ட் வட்டம் (போல்ட் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) நான்கு அங்குலம். எம்.ஜி.பி.க்கு 14 அங்குலமும் நாலரை அங்குல வட்டமும், அதாவது 114.3 மில்லிமீட்டர், வேண்டும். ஃபோர்டு கோர்ட்டினா 1600இ காரிலும் ரோஸ்டைல் உண்டு, அதன் வட்டம் நாலேகால் அங்குலம். மூன்றும் பத்தடி தூரத்தில் உடன்பிறப்புகள்போல இருக்கும். நான்கு போல்ட் சக்கரத்தில் எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு டேப் வைத்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும். என் பையில் டேப் இருந்தது. எடுக்கவில்லை. மிட்ஜெட் சக்கரமாக இல்லாமல் சரியானதாகவே இருந்திருந்தாலும் அவை என் காரில் ஏறியிருக்காது என்பது, வீட்டுக்கு வந்து ஹப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. போல்ட்டே இல்லாத ஹப்பில் எதை மாட்டுவது?

இங்கேதான் அச்சு குறுக்கே வருகிறது. கம்பிச் சக்கரத்தோடு தொழிற்சாலையிலிருந்து வந்த எம்.ஜி.பி.யில், 1967க்குப் பிறகான ரோட்ஸ்டர்களிலும் எல்லா ஜி.டி.களிலும், பின் அச்சே சுமார் ஒன்றரை அங்குலம் குறுகலானது. நீண்ட பல்வரிசை ஹப்புக்கு இடம் வேண்டுமே. முன்பக்கம் பிரச்சினை இல்லை, ஹப்பை மாற்றினால் போதும். பின்பக்கம் குறுகிய அச்சிலேயே போல்ட் சக்கரத்தைக் கொண்டுவந்தால் அது உள்ளே தள்ளி உட்காரும். பலர் முழு அச்சையே தேடி வாங்கி மாற்றுகிறார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. ரோஸ்டைலோடு வந்த காரில் கம்பிச் சக்கரம் போட ஆசைப்படுபவர்கள் போல்ட்டுகளின் மேல் ஏற்றும் அடாப்டர் செட் வாங்குகிறார்கள். அகல அச்சோடு அடாப்டரும் சேர்ந்து சக்கரத்தை வெளியே தள்ளும். பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்கார்டின் உள்விளிம்பை நக்கும். எம்.ஜி.பி.க்களில் பின் அச்சு சரியாக நடுவில் உட்காராத வழக்கமும் இருப்பதால், ஒரு பக்கம் தாராளமாக இருந்து மறுபக்கம் உரசுவதைப் பார்த்தவர்கள் பலர். இரு பக்கமும் அளந்த பிறகு பணத்தை எடுங்கள்.

ஆகவே என் முதல் அறிவுரை சுவாரசியமில்லாதது: கார் எந்த ஹப்போடு பிறந்ததோ அதோடு இருக்கட்டும். கம்பிக்காரர் கம்பி வகையிலும் போல்ட்காரர் போல்ட் வகையிலும் தேடுவது நல்லது. தடம் மாறுவதற்குச் செலவாகும் காசில் நெடுஞ்சாலையில் என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் வைத்த ஒரு நல்ல கியர்பாக்ஸைச் செப்பனிட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, மினிலைட் வகை. எட்டுக் கால் வைத்த அந்த அலாய் சக்கரத்தை, மினி என்ற குட்டிக் கார் ரேலிகளில் ஓடிய படங்களில் பார்த்திருப்பீர்கள். அசல் மினிலைட், டெக்-டெல் கம்பெனியின் மக்னீசியம் வார்ப்பு. இறகுபோல லேசு, ஆனால் மக்னீசியம் அரிக்கும், வயதானால் விரிசல் விடும். அறுபதுகளின் அசல் சக்கரத்தைச் சுவரில் மாட்டி வைக்கலாம். சாலைக்கு இறக்க மாட்டேன். இன்று விற்பவை அதே வடிவில் அலுமினியத்தில் வார்த்தவை. சக்கரம் லேசானால் மேடுபள்ளத்தில் சஸ்பென்ஷன் சுறுசுறுப்பாக இறங்கி ஏறும். எம்.ஜி.பி.யின் பின்பக்கம் குதிரைவண்டிபோலப் பட்டை வில்லின் மேல் நிற்கும் கனமான அச்சு என்பதால், அதில் குறையும் ஒவ்வொரு கிலோவும் இடுப்புக்குத் தெரியும். சுத்தம் செய்வது ஒரு வாளித் தண்ணீர் வேலை. போல்ட் ஹப் உள்ளவர்களுக்கு ஓட்டுவதற்கு இதைவிட நல்லது இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய இரும்புச் சக்கரத்தின் நட்டை இதில் போடாதீர்கள். பெரும்பாலான மினிலைட் வகைகளுக்குக் கழுத்து நீண்ட நட்டும் வாஷரும் வேண்டும். கூம்பு முனை நட் மென்மையான அலாயைக் கடித்துத் துளையைப் பெரிதாக்கும். மரை அரை அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவில் நுண்மரை) வகை. ஐம்பது மைல் ஓட்டியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், புது அலாய் சற்று அமுங்கும்.

பல்வரிசை ஹப்பில் நேராக ஏறும் மினிலைட் வடிவச் சக்கரமும் கிடைக்கிறது. நடுவில் ஒற்றை நட், சுற்றிலும் அலாய் கால்கள். கம்பிக்காரர்களுக்குக் குறுகிய அச்சோடு போராடாமல் தப்பிக்க இது ஒரு வழி. டியூபும் வேண்டாம், கோட்டமும் இல்லை. ஆனால் விலை எல்லாவற்றிலும் அதிகம். பல்வரிசைக் கவலையும் அப்படியே தொடரும்.

தொடக்ககாலச் சாதாரண இரும்புத் தட்டுச் சக்கரத்தையும் சொல்லிவிடுகிறேன்: நான்கு அங்குல அகலம், நடுவில் குரோம் மூடி, மிக மலிவு. அறுபதுகளின் கார்களுக்கு நேர்மையான முகம். எனக்குப் பிடிக்கும், யாரும் கேட்பதில்லை. 1973 முதல் 1976 வரை வெறும் 2,591 மட்டுமே செய்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காருக்கு அலாய் மையமும் குரோம் பூசிய இரும்பு ரிம்மும் சேர்ந்த டன்லப் சக்கரம் உண்டு; நல்ல செட் கிடைப்பது அரிது. அந்த மூன்றரை லிட்டர் வண்டிக்கு ஆபிங்டன் கம்பிச் சக்கரத்தைத் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். 1.8 லிட்டர் என்ஜினைக் குடைந்து பெரிதாக்கி, பந்தயப் பாதைக்குக் கொண்டுபோகிறவர்கள் 60 கம்பியை நம்புவதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளலாம்.

டயர் அளவில் ஆசை வைக்காமல் இருப்பது கடினம். அறுபதுகளில் ரோட்ஸ்டருக்கு 155, ஜி.டி.க்கு 165 அகலத்தில் ரேடியல் டயர் கொடுத்தார்கள். இன்று 165/80 ஆர்14 (அகலம் மி.மீ.யில், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் விட்டம் அங்குலத்தில்) போட்டால் முழு விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ. பலர் போடும் 185/70 ஆர்14 என்றால் 615. வித்தியாசம் பொருட்டே இல்லை. ஐந்து, ஐந்தரை அங்குல ரிம்மில் 185 நன்றாக உட்காரும். நாலரை அங்குலக் கம்பி ரிம்மில் அது ஓரளவு பிதுங்கி நிற்கும். அதற்கு 165தான் பொருத்தம். தட்டையாக இருக்க வேண்டும் என்று 185/60 ஆர்14 வாங்கினால் விட்டம் 578க்கு இறங்கிவிடும். அதாவது ஏழு சதவீதம் சிறியது. ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கூட்டிக் காட்டும், ஓவர்டிரைவ் இல்லாத கார் மோட்டார்வேயில் அலறும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு பூனை படுக்கலாம். 15 அங்குலத்துக்குப் போவதானால் 195/60 மறுபடி 615க்கு வந்து நிற்கும். டயர் வகைகளும் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத காரை அகல டயரோடு பார்க்கிங்கில் ஒடித்துப் பாருங்கள். அந்த ஸ்டியரிங் வளையம் ஏன் அவ்வளவு பெரியது என்று தெரியும்.

உதிரிச் சக்கரத்தையும் கணக்கில் சேருங்கள். நான்கு வாங்கிவிட்டு டிக்கியில் பழைய கம்பிச் சக்கரத்தை விட்டுவைத்தவர் ஒருவரைத் தெரியும். போல்ட் ஹப்புக்கு மாறியவர் அவர். பஞ்சரான இரவில்தான் அது வெறும் பாரம் என்று அவருக்கு நினைவு வந்தது.

என் முடிவு: பெயின்ட் அடித்த 60 கம்பிச் சக்கரம், துளை அடைத்த வகை, ஐந்து, 165 டயர், எண்கோண நட். அதற்கு முன் நான்கு ஹப்புகளும் புதிது. தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரத்தை ஏற்றினால் பழைய பற்கள் புதிய பற்களையும் தங்களைப் போலவே ஆக்கிவிடும். மலிவாக முடிப்பதாக நினைத்துச் சக்கரத்தை மட்டும் மாற்றியவர்களுக்குச் சில ஆயிரம் மைலில் ‘டக்’ திரும்பி வரும். ஹப்புகளை ஆர்டர் செய்யும்போது நடுநட்டின் மரையையும் பாருங்கள்: தொடக்ககால எம்.ஜி.பி.க்கும் பிற்காலத்ததற்கும் மரையின் இடைவெளி வேறு, ஒன்றின் நட் மற்றதில் ஏறாது. ஓட்டுவதற்கு மினிலைட் நல்லது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். என் கார் போல்ட் ஹப்போடு பிறந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். பிறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரஷ்ஷோடு உட்காருவது எனக்குத் தண்டனையாகவும் தெரியவில்லை.

பின் ஹப்புகள் இரண்டும் இப்போது பணிமேசையில் கிரீஸ் காகிதத்தில் சுற்றிக் கிடக்கின்றன, இடது எது, வலது எது என்று சாக்கட்டியால் எழுதி. கொட்டகையின் மூலையில் நான்கு 13 அங்குல ரோஸ்டைல் சக்கரங்களும் இருக்கின்றன, பெயின்ட் நன்றாகவே இருக்கிறது. மிட்ஜெட் வைத்திருப்பவர் யாராவது வந்தால் கொடுத்துவிடுவேன். அட்டையில் இந்த முறை அளவையும் எழுதி வைத்திருக்கிறேன்.